ஜிலேபி மீனும் அணைக்கு மேலே ஓடும் ஆறும்

சித்திரையில் குளம் வற்றி, நீர் கரையை விட்டு உள்வாங்கும்போது, ஈரம் காயாத சேற்றில் வட்ட வட்டமாகக் குழிகள் தெரியும். சோற்றுத் தட்டு அகலத்தில், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, கரையோரம் நெடுக வரிசையாகக் கிடக்கும். சின்ன வயதில் அவற்றை யாரோ வேலையில்லாமல் தோண்டிப் போட்டது என்று நினைத்திருக்கிறேன். அவை ஜிலேபிக் கெண்டையின் கூடுகள். ஆண் மீன் வாயால் மண்ணை அள்ளி அள்ளித் துப்பியே அந்தக் குழியைத் தோண்டுகிறது. பெண் மீன் வந்து முட்டையிட்டு, முட்டைகளை வாய்க்குள் வாரிக்கொண்டு போய்விடுகிறது. குஞ்சு பொரிந்து நீந்தத் தொடங்கிய பிறகும் தண்ணீரின் மேல் ஒரு நிழல் ஆடினால் போதும். மொத்தக் கூட்டமும் தாயின் வாய்க்குள் ஓடிப் புகுந்துகொள்ளும்.

ஆயிரக்கணக்கில் முட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகும் நாட்டுக் கெண்டைகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவற்றில் பல, புது வெள்ளம் வந்தால்தான் முட்டையிடும். ஜிலேபிக்கு வெள்ளம் வேண்டாம். பிறந்த இரண்டு மூன்று மாதத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். ஆண்டுக்குப் பலமுறை குஞ்சு பொரிக்கும். உப்புநீரும் தாங்கும், சாக்கடை கலந்த நீரும் தாங்கும். வெளியிலிருந்து வந்த ஒரு மீன் ஒரு நாட்டையே பிடித்துக்கொள்ள வேறென்ன வேண்டும்?

இந்த மீனை வைத்துத்தான் ஒரு பழைய சண்டை இன்னும் நடக்கிறது. ஏழைக்குக் கிடைத்த மலிவான புரதம் என்கிறது ஒரு தரப்பு. நம் ஆறுகளை அழிக்க வந்தது என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டு தரப்புமே மீனைப் பார்த்துப் பேசுகின்றன. அந்த மீன் எந்த நீரில் இருக்கிறது என்று பார்த்துப் பேசினால் இந்தச் சண்டையில் பாதி தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம். ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதற்கு இலங்கையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜிலேபியின் சரியான பெயர் மொசாம்பிக் திலாப்பியா. அது தென்கிழக்கு ஆப்பிரிக்காவின் மீன். 1939இல் ஜாவாத் தீவின் தென்கரையில் ஓர் ஆற்று முகத்துவாரத்தில் அதை ஒரு மீனவர் கண்டெடுத்துக் குளத்தில் வளர்க்கத் தொடங்கினார். எப்படி அங்கே வந்தது என்பது தெளிவில்லை. அவர் பெயர் முஜாயிர். இந்தோனேசியாவில் இன்றும் அந்த மீனுக்கு அதுதான் பெயர். அங்கிருந்து தென்கிழக்கு ஆசியா முழுவதும் பரவி, 1952இல் இலங்கைக்கு வந்தது. அதே ஆண்டு இந்தியாவுக்கும் வந்தது. தெற்கே நமக்கு வந்த குஞ்சுகள் இலங்கையிலிருந்து வந்தவை. திலாப்பியா என்ற பெயர் நம் நாக்கில் புரண்டுதான் ஜிலேபி ஆகியிருக்க வேண்டும்.

இலங்கையில் சொல்லிக்கொள்ளும்படியான இயற்கை ஏரிகள் கிடையாது. உலர்வலயத்தில் இருப்பதெல்லாம் குளங்கள். இரண்டாயிரம் ஆண்டுகளாக அரசர்களும் ஊராரும் வெட்டிய, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குளங்கள். பொலன்னறுவையில் பராக்கிரம சமுத்திரம், வன்னியில் வவுனிக்குளமும் முத்தையன்கட்டும், மன்னாரில் கட்டுக்கரைக்குளம், கிளிநொச்சியில் இரணைமடு. இவற்றில் இருந்த நாட்டு மீன்கள் எல்லாம் ஆறுகளிலிருந்து வந்தவை. ஓடும் நீருக்கும், கரையோரச் செடிகொடிக்கும், வெள்ளப் பள்ளத்துக்கும் பழகியவை. குளத்தின் நடுவில், வெயில் காயும் திறந்த நீரில், பச்சையாகப் பாசி மண்டிக் கிடந்தது. அடியில் அழுகிய இலைதழை மண்டிக் கிடந்தது. அதைத் தின்று பெரிதாக வளரும் மீன் அந்தத் தீவில் கிட்டத்தட்ட இல்லை.

திலாப்பியா சரியாக அதைத்தான் தின்னும். பாசியிலிருந்து மீன், மீனிலிருந்து மனிதன், இடையில் வேறு எந்தப் படியும் இல்லை. பாசியைப் பூச்சி தின்று, பூச்சியைச் சிறுமீன் தின்று, சிறுமீனை விரால் தின்று, அந்த விராலை நாம் தின்றால் ஒவ்வொரு படியிலும் பெரும்பகுதி வீணாகிப் போகும். திலாப்பியா அந்தப் படிகளைத் தாண்டிவிட்டது. அதனால்தான் இலங்கைக் குளங்களில் ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சில நூறு கிலோ வரை மீன் கிடைக்க ஆரம்பித்தது. 1990களில் இந்திய நீர்த்தேக்கங்களுக்குக் கணக்கிடப்பட்ட சராசரி ஹெக்டேருக்கு 20 கிலோதான் என்பதை வைத்துப் பார்த்தால் அதன் அருமை புரியும்.

கடலிலிருந்து தள்ளி இருக்கும் அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் வன்னியின் உட்கிராமங்களிலும் முன்பெல்லாம் மீன் என்றால் பெரும்பாலும் கருவாடுதான். திலாப்பியா வந்த பிறகு, காலையில் குளத்தில் பிடித்தது பத்து மணிக்குள் மிதிவண்டிப் பெட்டியில் வாசலுக்கு வந்தது. நெல் விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் தோணியும் வலையும் வைத்திருந்த குடும்பம் பிழைத்துக்கொண்டது. இதைப் பொருளாதாரப் பலன் என்று இரண்டு சொல்லில் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. ஒரு வட்டாரத்தின் சாப்பாடே மாறியது.

1975இல் அதன் உறவினமான நைல் திலாப்பியாவையும் கொண்டுவந்து விட்டார்கள். அது இன்னும் பெரிதாக வளர்ந்தது, முன்னதோடு கலந்து கலப்பினமும் ஆனது. பிடிப்பு ஏறிக்கொண்டே போனது.

பிறகு ஒரு காரியம் நடந்தது. 1990இல் இலங்கை அரசு உள்நாட்டு மீன்பிடிக்கான ஆதரவை மொத்தமாக விலக்கிக்கொண்டது. உயிர்க்கொலையை அரசே ஊக்குவிக்கலாமா என்ற சமயக் கண்ணோட்டம் அதன் பின்னால் இருந்தது. குஞ்சுப் பொரிப்பகங்கள் கைவிடப்பட்டன, குளங்களுக்குப் பொறுப்பான அலுவலர்கள் விலகினார்கள். ஆனால் மீன்பிடிப்பை யாரும் தடை செய்யவில்லை. மேற்பார்வை மட்டும் போனது. அதுவரை 8.5 சென்டிமீட்டருக்குக் குறைந்த கண் உள்ள வலை போடக்கூடாது என்ற கட்டுப்பாடு பெரும்பாலும் நடைமுறையில் இருந்தது. கேட்க ஆளில்லை என்றதும் சின்னக் கண் வலைகள் குளத்தில் இறங்கின. 1989இல் அரசுக் கணக்கில் 39,000 டன்னைத் தாண்டியிருந்த உள்நாட்டு மீன் உற்பத்தி, 1994இல் 12,000 டன் அளவுக்கு இறங்கியது. அந்த ஆண்டு அரசு மீண்டும் பொறுப்பேற்றது. 1999இல் நன்னீர் மீன்வளத்துக்கென்றே ஒரு தேசிய அதிகார சபை செயல்படத் தொடங்கியது.

இவ்வளவு வேகமாகப் பெருகும் மீனையே நான்கு ஆண்டுகளில் இப்படிக் குறைக்க முடிந்தது என்றால், வலைக் கண்ணின் அளவு எவ்வளவு பெரிய கருவி என்று பாருங்கள். அளவைக் கூட்டினால் மீன் பெருகும், குறைத்தால் சுருங்கும். வெளியிலிருந்து வந்த மீனை ஆளுவதற்கு நம் கையில் உள்ள கருவிகளில் மிக எளியது இதுதான். அதை எந்தப் பக்கம் திருப்புவது என்பது அந்த நீரைப் பொறுத்தது.

இலங்கைக் குளங்களில் திலாப்பியாவால் நாட்டு மீன்கள் அழிந்தனவா? சேன டி சில்வா போன்ற இலங்கை மீனியல் அறிஞர்கள் பல பத்தாண்டுகள் இதை ஆராய்ந்து, நேரடியான சான்று இல்லை என்றே சொன்னார்கள். மீன் குறைந்த இடங்களில் அணையும், காடழிப்பும், மண் அரிப்பும் முதல் குற்றவாளிகள் என்றார்கள். அந்தக் குளங்களைப் பொறுத்தவரை நானும் அதை ஏற்கிறேன். தீவுக்கே உரிய அரிய மீன்கள் பெரும்பாலும் ஈரவலயத்து ஓடைகளில், களனி, களு, ஜின் ஆறுகளின் மரநிழலில் வாழ்பவை. திலாப்பியா குடியேறியதோ மனிதன் வெட்டிய, ஆளில்லாத வீடு போன்ற குளங்களில்.

ஆனால் இந்த முடிவை அப்படியே தூக்கிக்கொண்டு கடலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் தப்பாகிவிடும்.

இந்தியாவில் திலாப்பியா வந்த ஏழாவது ஆண்டே, 1959இல், மீன்வள ஆராய்ச்சிக் குழு அதைப் பரப்பக்கூடாது என்று முடிவெடுத்தது. காகிதத்தில் அது சரியான முடிவு. ஆனால் அதற்குள் மீன் தென்னிந்தியக் குளங்களிலும் அணைகளிலும் இறங்கியாகிவிட்டது. ஒரு வாளித் தண்ணீரில் பத்துக் குஞ்சுகளை எடுத்துப் போய் அடுத்த குளத்தில் விட யாருக்கு உத்தரவு வேண்டும்? மழைக்காலத்தில் ஒரு குளத்தின் கலிங்கு வழிந்து அடுத்த குளத்துக்கு நீர் போகும் சங்கிலிக் குளங்கள் நம்முடையவை. வாளிகூடத் தேவையில்லை. உடுமலைக்குத் தெற்கே இருக்கும் அமராவதி அணையில் பரிசல்காரர்களின் வலையில் ஏறுவதில் ஜிலேபிக்கே முதலிடம் என்ற நிலை வந்தது. ராஜஸ்தானின் ஜெய்சமந்த் ஏரியில் திலாப்பியா பெருகிய பிறகு பெருங்கெண்டைகளின் சராசரி எடை குறைந்தது என்றும், அங்கிருந்த மகசீர் என்ற பெரிய ஆற்று மீன்கள் நலிந்தன என்றும் மீன்வள நூல்கள் பதிவு செய்திருக்கின்றன.

இலங்கைக் குளத்துக்கும் நம் அணைக்கும் வேறுபாடு ஒன்றுதான். நம் அணைகள் பலவற்றின் தலைமாட்டில் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறு இருக்கிறது. அணையில் விட்ட மீன் அணையோடு நிற்பதில்லை.

தேக்கடியைப் பாருங்கள். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர்தான் சுரங்கம் வழியே இறங்கித் தேனி, மதுரை வயல்களுக்கு வருகிறது. அந்த நீர்த்தேக்கத்திலும் அதற்கு மேலுள்ள ஓடைகளிலும் உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் உண்டு. அவற்றில் ஒன்றை உள்ளூரில் பிராமணக் கெண்டை என்பார்கள். அறிவியலில் லெபிடோபைகாப்சிஸ் டைபஸ். 1941இல் சுந்தரராஜ் என்ற நம் மீனியல் அறிஞர் முதலில் விவரித்த மீன். அதன் பேரினத்திலேயே அது ஒன்றுதான். அண்ணன் தம்பி கிடையாது. அது போனால் ஓர் இனம் மட்டும் போகாது, ஒரு கிளையே ஒடிந்துவிடும்.

அந்த நீர்த்தேக்கத்துக்குள், காமன் கார்ப் எனப்படும் வெளிநாட்டுச் சாதாக் கெண்டையும் திலாப்பியாவும் வந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. பின்னாளில் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் வந்தது. நாட்டு மீன்கள் திறந்த நீரில் குறைந்து, மேலே ஓடைகளுக்குள் ஒதுங்கிவிட்டன. இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அங்கே மீன்பிடிக்கும் உரிமை உள்ளவர்கள் மன்னான், பளியர் பழங்குடி மக்கள். அவர்கள் வலையில் ஏறுவதில் பெரும்பகுதி இந்த வந்தேறி மீன்கள்தான். குடும்பத்தின் அரிசியும் பிள்ளையின் பள்ளிச் செலவும் அதில்தான் ஓடுகின்றன. புலிகள் காப்பகம், எனவே மீன்பிடிப்பே கூடாது என்று ஒருவர் எழுந்து சொன்னால் அது இரண்டு விதத்தில் தவறு. அந்த மக்களின் பிழைப்பும் போகும், பிடிக்க ஆளில்லாத வந்தேறி மீன் இன்னும் பெருகும்.

இங்கே பிழைப்பும் பாதுகாப்பும் எதிரெதிர் தட்டில் இல்லை என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். நீர்த்தேக்கத்தின் திறந்த நீரில் திலாப்பியாவையும் சாதாக் கெண்டையையும் எவ்வளவு பிடித்தாலும் நல்லது. அங்கே வலைக் கண்ணைச் சின்னதாக்கினால்கூடத் தவறில்லை, நாட்டு மீன் ஒதுங்கிய ஓடைமுகங்களை மட்டும் விட்டுவைத்தால். இலங்கைக் குளத்தில் காப்பாற்ற வேண்டிய மீனை இங்கே குறைக்க வேண்டியிருக்கிறது. கருவி அதே வலைதான்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. ஒரு மீனைப் பிடித்து விற்பதைச் சுற்றி வியாபாரம் வளர்ந்துவிட்டால், அந்த மீன் குறையும் நாளில் யாருக்கும் மகிழ்ச்சி வராது. “பிடிப்பு குறைந்துவிட்டது, குஞ்சு விடுங்கள்” என்ற கோரிக்கைதான் வரும். கேட்பவர்கள் மேல் தப்பில்லை. அதனால்தான், குறைக்க வேண்டிய மீனைப் பிடிக்கச் சொல்லும்போதே, அது குறைந்த பின் அந்தக் குடும்பங்களுக்கு என்ன வருமானம் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்க வேண்டும். அந்த இரண்டாவது பகுதியை எழுதாமல் விட்ட திட்டம் பாதியில் நின்றுவிடும்.

வெளியிலிருந்து வந்த மீன் என்றால் கடல் கடந்து வந்தது என்று மட்டும் நினைக்கிறோம். காவிரியில் நடந்ததைப் பார்த்தால் அந்த எண்ணம் கலையும். கட்லாவும் ரோகுவும் காவிரியின் மீன்கள் அல்ல. வடக்கேயிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. மேட்டூரில் கட்லா பிடிக்கும் பரிசல்காரருக்கு அது இன்று சொந்த மீன். மீன் பாசி, அதாவது மீன்பிடிக்கும் உரிமையை, ஏலம் எடுக்கும் குத்தகைதாரர் குளத்தில் முதலில் விடுவதும் அதைத்தான். ஒரே நாட்டுக்குள்ளேயே ஓர் ஆற்றின் மீன் அடுத்த ஆற்றுக்கு அந்நியம்தான்.

இதைவிட மனத்தை வருத்தும் கதை மகசீரின் கதை. காவிரிப் படுகைக்கே உரிய ஒரு மகசீர் இருக்கிறது. தலைக்குப் பின்னால் திமில் போல முதுகு உயர்ந்து, வால் செம்மஞ்சளாக இருக்கும். உலகின் மிகப் பெரிய மகசீர் இனங்களில் ஒன்று. 1946இல் காவிரியின் துணையாறான கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒன்று 120 பவுண்டு எடை இருந்தது. அணைகளாலும் வெடி வைத்துப் பிடிப்பதாலும் மகசீர் குறைகிறதே என்று கவலைப்பட்டு, நல்லெண்ணத்தோடுதான் ஒரு வேலை நடந்தது. மகாராஷ்டிரத்தின் லோனாவ்லாவில் நீலத்துடுப்பு மகசீரைச் செயற்கையாகப் பொரிக்க வைத்து, அந்தக் குஞ்சுகளை நாட்டின் பல ஆறுகளில் விட்டார்கள். காவிரியிலும் விட்டார்கள். அது கிருஷ்ணா ஆற்றுப் பக்கத்து மீன்.

தூண்டில் முகாம்களில் ஆண்டுக்கணக்காக எழுதி வைத்த பதிவேடுகளைப் பிற்பாடு ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தபோது நடந்தது தெரிந்தது. நீலத்துடுப்பு மகசீர் எண்ணிக்கையில் பெருகப் பெருகத் திமில் மகசீர் பதிவேட்டிலிருந்து மறைந்துகொண்டே வந்திருக்கிறது. 2015இல் அந்த ஆய்வு வெளிவந்தபோது, நூறாண்டுக்கும் மேலாக உலகம் அறிந்திருந்த அந்த மீனுக்கு உறுதியான ஓர் அறிவியல் பெயர்கூட இல்லை. 2018இல்தான் அது டார் ரெமாதேவி என்று தெளிவானது. அதே ஆண்டு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் மிக மோசமான அபாயத்தில் உள்ள இனமாகவும் சேர்ந்தது. மகசீரைக் காப்பதாக நினைத்து, வேறொரு மகசீரை அதன் வீட்டுக்குள் விட்டிருக்கிறோம்.

ஆகவே குஞ்சு விடுவது என்பது தன்னளவில் புண்ணியம் இல்லை. லாரியில் வரும் குஞ்சு எந்த ஆற்றின் தாய்மீனிலிருந்து பொரித்தது என்று கேட்காமல் எந்த ஆற்றிலும் விடக்கூடாது. 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஆறுகளில் மீன்குஞ்சு விடுவதற்கென்று தனிப் பிரிவே உண்டு. அதில் செலவாகும் பணம் அந்தந்த ஆற்றின் மீனுக்கே போனால் அதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது.

இப்போது பணத்துக்கு வருகிறேன். பொருளாதாரம் என்றாலே வந்தேறி மீன், பாதுகாப்பு என்றாலே நாட்டு மீன் என்று நாம் பிரித்துவிட்டோம். மதுரைச் சந்தைக்குப் போனால் அந்தப் பிரிவினை நிற்காது. அங்கே அயிரை மீன் தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் உயிரோடு நெளிந்துகொண்டிருக்கும். விரல் நீளம்கூட இல்லாத மீன். வாங்கிவந்து உப்புப் போட்டு உரசி, மண்ணைக் கக்க வைத்துப் புளிக்குழம்பில் போடுவார்கள். அதன் விலைக்கு ஜிலேபி பக்கத்தில் வர முடியாது. விராலும் அப்படித்தான், பிள்ளை பெற்றவளுக்கு, நோயில் விழுந்து எழுந்தவருக்கு என்று தேடிப்போய் வாங்குகிறோம். ஆனால் இந்த மீன்கள் நூறு கிராம், கால் கிலோ என்று ஊர்ச் சந்தையிலும் வாய்க்கால் கரையிலும் கைமாறுபவை. டன் கணக்கில் எடை போட்டு எழுதும் பேரேட்டில் இவை ஏறுவதில்லை. ஏறாத மீனின் நட்டமும் கணக்கில் வராது.

உடம்புக் கணக்கும் அப்படியே. டென்மார்க்கில் வாழ்ந்து வங்கதேசத்தில் நெடுங்காலம் பணியாற்றிய சகுந்தலா தில்ஸ்டெட் 2021இல் உலக உணவுப் பரிசு பெற்றார். தலையும் முள்ளுமாக முழுதாகத் தின்னும் சிறு நாட்டு மீன்களில் வைட்டமின் ஏ, சுண்ணாம்புச் சத்து, இரும்பு ஆகியவை பெரிய வளர்ப்பு மீனின் சதையில் இருப்பதைவிட எவ்வளவு கூடுதல் என்று காட்டியது அவருடைய வேலை. குளத்தில் குத்தகைதாரர் பெருங்கெண்டை விடுவதற்கு முன் மருந்து போட்டுச் சிறுமீனையெல்லாம் “களை மீன்” என்று அழிக்கும் வழக்கம் நம்மிடம் இருந்தது. பெருங்கெண்டையோடு சிறுமீனையும் ஒரே குளத்தில் வளர்க்கலாம், பெருங்கெண்டை விற்பனைக்கும் சிறுமீன் வீட்டுக்கும் ஆகும் என்று வங்கதேசத்தில் செய்து காட்டினார்கள்.

பண்ணையில் வளர்ப்பது தனிச் சங்கதி. இப்போது நம் விவசாயிகள் பண்ணைக் குட்டையில் வளர்க்கும் கிஃப்ட் திலாப்பியா, 1988இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய தேர்வு இனப்பெருக்கத் திட்டத்திலிருந்து வந்த நைல் திலாப்பியா. ஆறு மாதத்தில் அரைக் கிலோவுக்குப் பக்கத்தில் வளரும். தண்ணீர் குறைந்த மாவட்டத்தில் அரை ஏக்கர் குட்டை வைத்திருப்பவருக்கு அது நல்ல வருமானம்; அதைப் பறிக்க எனக்கு மனம் வராது. குஞ்சுக்கு முதல் மூன்று வாரம் ஹார்மோன் கலந்த தீனி கொடுத்து எல்லாவற்றையும் ஆணாக்கிவிடுகிறார்கள். ஆண் வேகமாக வளரும்; தப்பிப் போனாலும் தனியாக இனம் பெருக்க முடியாது. ஆனால் நூற்றுக்கு நூறு ஆண் என்பது எந்தப் பொரிப்பகத்திலும் முடிகிற காரியமில்லை. அதனால்தான் அங்கீகாரம் பெற்ற பொரிப்பகத்துக் குஞ்சு மட்டும், வெளியேறும் மடையில் சல்லடை, பறவை தூக்கிப் போகாமல் மேலே வலை என்ற நிபந்தனைகள். வெள்ளம் புகும் பள்ளத்தில் பண்ணை வைக்க அனுமதியே கொடுக்கக்கூடாது. 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு அமேசானின் அரப்பைமா அங்கே ஆற்றில் பிடிபட்டது. யாரோ குளத்திலும் தொட்டியிலும் வளர்த்தவை, கரை உடைந்ததும் ஆற்றுக்குப் போய்விட்டன.

எல்லா வந்தேறி மீனையும் ஒரே தராசில் நிறுக்கவும் முடியாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி மற்ற மீன்களை விழுங்கியே வளர்வது. 2000இல் மத்திய அரசு அதன் வளர்ப்பைத் தடை செய்தது சரிதான், கள்ளத்தனமாக வளர்ப்பதை இன்னும் நிறுத்த முடியவில்லை என்பது வேறு. மீன்தொட்டிக் கடையிலிருந்து ஏரிக்கு வந்த டேங்க் கிளீனர் மீனை யாரும் தின்பதில்லை. அதன் முள் துடுப்பு வலையைக் கிழித்து மீனவருக்குச் செலவுதான் வைக்கிறது. இதில் எடை போடப் பலன் என்று ஒன்றுமில்லை. திலாப்பியாவை அப்படித் தள்ளிவிட முடியாது. அதை ஊட்டி வளர்த்த வயிறுகள் நிறைய இருக்கின்றன. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் மொசாம்பிக் திலாப்பியாவின் பெயர் உண்டு. அதே மீன் தன் தாய்நாட்டு ஆறுகளில், அங்கே கொண்டுவந்து விடப்பட்ட நைல் திலாப்பியாவோடு கலந்து தன் இனத்தையே இழந்துகொண்டிருப்பதால், சிவப்புப் பட்டியலில் அழியக்கூடிய இனமாகவும் இருக்கிறது. லிம்போபோ ஆற்றில் காக்க வேண்டிய மீன் அது.

முன்னே சொன்ன அமராவதி அணைக்குத் திரும்புகிறேன். அந்த அணைக்கு வந்து சேரும் ஆறுகளில் ஒன்று பாம்பாறு. மறையூர்ப் பக்கத்திலிருந்து சின்னார் காட்டின் வழியே பாறைகளில் விழுந்து இறங்கி வருகிறது. திமில் மகசீரின் அறிவியல் பெயர் டார் ரெமாதேவி என்றேன் அல்லவா. அந்தப் பெயரோடு 2011இல் விவரிக்கப்பட்ட மாதிரிகள் கிடைத்தது அந்தப் பாம்பாற்றில்தான். அதாவது, கீழே ஜிலேபி நிறைந்த அணை, மேலே உலகில் மிக அரிதாகிவிட்ட மகசீர் ஓடும் ஆறு, இரண்டும் ஒரே நீர்வழி. கீழே பரிசல்காரர்கள் விடியலில் வலை இழுக்கட்டும், கரையில் கூறு போட்டு விற்கட்டும். அவர்கள் வாழ்க்கை அங்கே இருக்கிறது. மேலே, மாநில எல்லையைத் தாண்டிப் பாம்பாறு இறங்கும் அந்தப் பாறைப் பகுதியில், எந்தத் துறையும் எந்த நோக்கத்துக்காகவும் வேறு ஆற்றின் குஞ்சை விடுவதில்லை என்று தமிழ்நாடும் கேரளமும் உட்கார்ந்து எழுதிக்கொள்ள ஒரு பக்கக் காகிதம் போதும்.